தங்கைக்கு எம்.எஸ். என்றால் ஆயுள் எவ்வளவு குறையும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், இதே கவலையோடு வருகிற மற்றவர்களுக்கும் புரியட்டும். தங்கைக்கு 28 வயது. இரண்டு வருடம் முன்பு ஒரு கண்ணில் பார்வை மங்கி, ஒரு மாதத்தில் தானாகவே தெளிந்திருக்கிறது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் நடை தடுமாறியதும் எம்.ஆர்.ஐ. எடுத்து, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், அதாவது எம்.எஸ்., என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவே இணையத்தில் தேடியிருக்கிறீர்கள். ஓரிடத்தில் ‘நோய் தொடங்கிய பின் 25 முதல் 35 ஆண்டு’ என்று இருந்தது. இன்னோரிடத்தில் ‘ஏழு ஆண்டு குறையும்’. வேறோரிடத்தில் ‘ஆயுளுக்குப் பாதிப்பே இல்லை’. எது சரி, அப்பா அம்மாவிடம் எதைச் சொல்வது என்கிறீர்கள். இவள் சீக்கிரம் போய்விடுவாளா, நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் நரம்பியல் மருத்துவர், எம்.எஸ். நோயாளிகளைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

முதலில் நேரான பதில். உங்கள் தங்கைக்கு வந்திருப்பது நீங்கள் விவரித்தபடி விட்டுவிட்டு வரும் வகை எம்.எஸ். என்றால், அவர் அறுபதுகளையும் எழுபதுகளையும் காண்பார் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். இதுவரை நடந்த நல்ல ஆய்வுகளில் எம்.எஸ். உள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழு முதல் பத்து ஆண்டு குறைவாக இருந்திருக்கிறது. அந்த இடைவெளி கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இவ்வளவும் உறுதி. இன்று 28 வயதில் நோய் கண்டறியப்பட்டு, உடனே நல்ல மருந்து தொடங்கும் ஒருவருக்கு இடைவெளி எவ்வளவு இருக்கும் என்பதை உலகத்தில் யாரும் இன்னும் அளந்ததில்லை, அளக்கவும் முடியாது. ஏழு ஆண்டைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்பக் காரணங்கள் உண்டு. ஆனால் அது கணிப்புதான்.

ஏன் அளக்க முடியாது என்பதைப் புரிந்துகொண்டால் இணையத்தில் பார்த்த மூன்று பதில்களும் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துவிடும். ஒரு நோயில் மக்கள் எத்தனை வயது வரை வாழ்கிறார்கள் என்று கணக்கிட, அவர்கள் வாழ்ந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எம்.எஸ். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்குகிறது. ஆகவே இன்று அச்சாகும் எந்த ஆயுட்கணக்கும் முப்பது, நாற்பது, ஐம்பது வருடம் முன்பு நோய்வாய்ப்பட்டவர்களைப் பற்றியது. அவர்களில் பலருக்கு எம்.ஆர்.ஐ. கிடையாது. நோயின் போக்கை மாற்றும் மருந்து ஒன்றுகூடக் கிடையாது. முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1993இல்தான். அதற்கு முன் ரிலாப்ஸ், அதாவது நோய் திடீரென்று மறுபடி தலைதூக்குவது, வந்தால் ஸ்டீராய்டு, மற்றபடி உடற்பயிற்சி, காத்திருத்தல், அவ்வளவுதான்.

நான் அதிகம் நம்புவது நோர்வேயின் கணக்கை. மேற்கு நோர்வேயில் பெர்கன் நகரைச் சுற்றியுள்ள ஹோர்டாலாந்து மாவட்டத்தில், 1953 முதல் 2012 வரை எம்.எஸ். தொடங்கிய 1,388 பேரை ஏறத்தாழ ஒருவர் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். 2017இல் வெளியானது. எம்.எஸ். உள்ளவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் எட்டிய வயது, 74.7 ஆண்டு, அங்கே பொதுமக்களுடையது 81.8. ‘ஏழு ஆண்டு’ இங்கிருந்துதான் வருகிறது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் தனியாகச் செய்த ஆய்விலும் ஏறக்குறைய இதே இடைவெளி கிடைத்தது: 75.9க்கு எதிராக 83.4. டென்மார்க்கில் 1956 முதல் தேசிய எம்.எஸ். பதிவேடு இருக்கிறது, அதை வைத்து 2004இல் எழுதியவர்கள் பத்து ஆண்டு குறைவு என்றார்கள். அவர்கள் கணக்கில் இன்னும் பழைய நோயாளிகள் அதிகம். இந்த ஏழும் பத்தும் சராசரிகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் கடைசி ஏழு ஆண்டை வெட்டி எடுத்துவிடுகிறது என்று அர்த்தமில்லை. பலருக்கு எதுவுமே குறைவதில்லை, சிலருக்கு நிறையக் குறைகிறது.

அந்த ‘25 முதல் 35 ஆண்டு’ கேட்கவே பயங்கரமாக இருக்கிறது, காரணம் அது பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் நோய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறது. முப்பத்தைந்து வயதில் நோய் தொடங்கி எழுபதில் இறந்தவரும் அந்தக் கணக்கில் ‘35 ஆண்டு’தான். அதோடு, மருந்தில்லாத காலத்துப் பதிவேடுகளிலிருந்து வந்த எண்ணை இன்றும் பல தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டிருக்கின்றன. 28 வயதுப் பெண்ணுக்கு அதை அப்படியே பொருத்தி 53, 63 என்று கூட்டிப் பார்ப்பது தவறான கணக்கு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

நோர்வே ஆய்வின் இன்னொரு பகுதியையும் பார்க்க வேண்டும். 1953–74இல் நோய் தொடங்கியவர்கள், அதே வயதுப் பொதுமக்களைவிட 3.1 மடங்கு அதிகமாக இறந்திருக்கிறார்கள். 1975–96இல் தொடங்கியவர்களிடம் அது 2.6 மடங்கு. 1997க்குப் பிறகு தொடங்கியவர்களிடம் 0.7, அதாவது பொதுமக்களைவிடக் குறைவு. ‘பாதிப்பே இல்லை’ என்று எழுதுபவர்கள் இந்தக் கடைசி எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கே நான் கொஞ்சம் நிதானிப்பேன். 1997க்குப் பின் நோய் வந்தவர்களை அந்த ஆய்வு அதிகபட்சம் பதினைந்து வருடம்தான் பார்த்திருக்கிறது. எம்.எஸ். முதல் பதினைந்து வருடத்தில் உயிரை எடுப்பது எப்போதுமே அரிது. கணக்கு ஏறுவதெல்லாம் அதற்குப் பிறகு. இன்னொன்று, எம்.ஆர்.ஐ. வந்த பிறகு மிக லேசான நோயையும் கண்டுபிடித்துவிடுகிறோம். முன்பு பட்டியலுக்கே வந்திராத அவர்கள் இப்போது உள்ளே இருப்பதால், யாருக்கும் எதுவும் செய்யாமலேயே சராசரி கொஞ்சம் உயர்ந்து தெரியும். ஆக, போக்கு நல்ல திசையில் இருக்கிறது, அது உண்மை. இடைவெளி மறைந்துவிட்டது என்று இப்போதே சொல்வது அவசரம்.

டென்மார்க் பதிவேட்டில் ஒரு விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எம்.எஸ். உள்ளவர்களின் கூடுதல் இறப்பு, இந்த மருந்துகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே குறையத் தொடங்கிவிட்டது. அப்படியென்றால் ஆயுளை நீட்டியதில் மருந்துக்கு மட்டும் பங்கில்லை. நல்ல பராமரிப்பு, ஆன்டிபயாடிக், சிறுநீர்ப் பிரச்சினையைக் கையாளும் முறை, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளும் செவிலியர் பணி, இவையெல்லாம் சேர்ந்துதான் முதல் பாதி வேலையைச் செய்திருக்கின்றன. நம் குடும்பங்களில் கவனம் முழுவதும் ஊசியின் விலையிலேயே போய்விடுகிறது. இந்தச் சின்ன வேலைகள் விடுபட்டுப் போகின்றன.

ஏன் அவை முக்கியம் என்றால், எம்.எஸ். நேரடியாகக் கொல்வது குறைவு. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்குகிறது; அந்தப் புண்கள் எங்கே விழுகின்றனவோ அதற்கேற்பப் பார்வை, நடை, சிறுநீர், பேச்சு பாதிக்கப்படுகின்றன. மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதியிலேயே பெரிய புண் விழுந்து உயிர் போவது மிக அரிது. நோர்வே ஆய்வில் இறந்தவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்களின் இறப்புக்கு எம்.எஸ்.தான் காரணம் என்று பதிவாகியிருக்கிறது. நடைமுறையில் அதற்குப் பொருள், நோய் முற்றி நடமாட்டம் குறைந்த பிறகு வந்த நிமோனியா, சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவியது, படுக்கைப் புண், இப்படிப்பட்டவை. மீதிப் பேர் எல்லாரையும் போல இதய நோய், புற்றுநோய் என்று போகிறார்கள்.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். பல வருடம் எம்.எஸ். இருக்கும் ஒருவர் சாப்பிடும்போது இருமுகிறார். வீட்டில் ‘புரை ஏறுது’ என்று தலையில் தட்டிவிட்டு அடுத்த வாய் கொடுப்பார்கள். விழுங்கும் தசைகள் ஒத்துழைக்காதபோது மிகவும் சிரமம் தருவது கெட்டி உணவு என்று நினைப்போம்; பெரும்பாலும் தண்ணீர்தான் முதலில் மூச்சுக்குழாய்க்குள் போகும். நீர்த்த ரசத்தில் பருக்கை மிதக்கிற மாதிரி இரண்டும் கலந்த உணவும் அப்படியே. கஞ்சியைச் சற்றுக் கெட்டியாக்குவது, நிமிர்ந்து உட்கார்ந்து தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி விழுங்குவது, ஒவ்வொரு வாயாக அவசரமில்லாமல் கொடுப்பது, சாப்பிட்ட பின் அரைமணி நேரம் படுக்காமல் இருப்பது என்று ஒரு பேச்சுப் பயிற்சியாளர் ஒரே அமர்வில் சொல்லிக்கொடுத்துவிடுவார். இதைச் செய்யாமல் விட்டு, மாதாமாதம் ‘சளி’ என்று மருந்து வாங்கி, கடைசியில் நிமோனியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரும் அப்படித்தான். அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, அடக்க முடியவில்லை என்பார்கள். வெளியே போகவேண்டியிருந்தால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள், பெண்கள் குறிப்பாக. உண்மையில் பை முழுதாகக் காலியாகாமல் பாதி தேங்கியிருக்கும். சிறுநீர் கழித்த உடனே வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். அதிகமாகத் தேங்கினால் மெல்லிய குழாயைத் தாமே வைத்து எடுத்துவிடக் கற்றுக்கொடுக்கிறோம். முதலில் எல்லாருக்கும் கூச்சம், ஒரு வாரத்தில் பழகிவிடும். தேங்கி நிற்கும் சிறுநீர்தான் தொற்றின் வேர். நாற்காலியிலோ படுக்கையிலோ அதிக நேரம் இருப்பவர்களுக்கு வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும்; வெளுக்கவே இல்லையென்றால் அங்கே புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் நிறத்தில் சிவப்பு தெரியாமலும் போகலாம், அப்போது சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் தங்கைக்கு இவையெல்லாம் இன்று தேவையில்லை, பல வருடங்களுக்குத் தேவைப்படாமலே இருக்கலாம். ஆயுள் குறைவது எந்த வழியில் என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். அந்த வழிகளில் பெரும்பாலானவை அடைக்கக்கூடியவை.

இப்போது மருந்து. அது ஆயுளைக் கூட்டுமா? நேரடிச் சான்று குறைவு. முதல் இன்டர்ஃபெரான் சோதனை 1988இல் வட அமெரிக்காவில் 372 பேரோடு தொடங்கியது. இருபத்தொரு வருடம் கழித்து அவர்களில் கிட்டத்தட்ட எல்லாரையும் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, தொடக்கத்திலேயே முழு அளவு மருந்து பெற்றவர்களின் இறப்பு அபாயம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களைவிட 47 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. வெறும் ஊசி பெற்றவர்களும் சில வருடம் கழித்து மருந்துக்கு மாற முடிந்தது. அப்படியும் இவ்வளவு வித்தியாசம். இதைக் கேட்டு நானும் மகிழ்கிறேன். ஆனால் அது ஒரே ஆய்வு, எண்ணிக்கை சிறியது, மருந்து நிறுவனத்தின் ஆதரவோடு நடந்தது. எனவே ‘மிகவும் நம்பிக்கை தரும் சான்று’ என்ற இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். மறைமுகச் சான்று இதைவிட வலுவானது: வலிமையான மருந்தை நோய் தொடங்கி இரண்டு வருடத்துக்குள் ஆரம்பித்தவர்கள், நான்கு முதல் ஆறு வருடம் கழித்து ஆரம்பித்தவர்களைவிட, பத்தாண்டு வாக்கில் குறைந்த ஊனத்தோடு இருக்கிறார்கள். இதைப் பல நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2020இல் காட்டினார்கள். ஊனம் குறைந்தால் மேலே சொன்ன நிமோனியாவும் புண்ணும் குறையும். அவை குறைந்தால் ஆயுள் கூடும். இந்தச் சங்கிலியை நான் நம்புகிறேன்.

ஊனத்தைப் பற்றியும் பழைய எண்களே பயமுறுத்துகின்றன. கனடாவின் லண்டன் நகரத்தில் 1980களில் எழுதிய ஆய்வில், பாதிப் பேர் பதினைந்து வருடத்தில் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாத நிலைக்கு வந்தார்கள். 2016இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ குழு வெளியிட்டதில், நோய் தொடங்கிச் சராசரியாகப் பதினேழு வருடம் ஆனவர்களில் அந்த நிலைக்கு வந்தவர்கள் சுமார் 11 சதவீதம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. பின்னது ஒரு பெரிய மையத்தில் நல்ல சிகிச்சை பெற்றவர்களின் கதை. இருந்தாலும் காலம் மாறியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இங்கே மருந்தின் விலை பெரிய சுவர் என்று எனக்குத் தெரியும். பல குடும்பங்கள் அதைக் கேட்டவுடன் சிகிச்சையையே விட்டுவிடுகின்றன. அப்படி விட வேண்டியதில்லை. ரிடுக்சிமாப் என்ற மருந்து இரத்தப் புற்றுநோய்க்காக வந்தது. ஸ்வீடனில் பல வருடமாக எம்.எஸ்.க்குப் பரவலாகக் கொடுக்கிறார்கள். 2022இல் வெளிவந்த அவர்களுடைய சோதனையில், இரண்டு வருடத்தில் ரிலாப்ஸ் வந்தவர்கள் ரிடுக்சிமாப் குழுவில் 3 சதவீதம், டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரைக் குழுவில் 16 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் எம்.எஸ்.க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த மூன்றில் இதுவும் ஒன்று. இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால், புதிதாக வந்த இதே ரக மருந்துகளைவிட விலை மிகக் குறைவு. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். ஆனால் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து. தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி, காசநோய் இரண்டுக்கும் பரிசோதனை அவசியம், நம் நாட்டில் இரட்டிப்பு அவசியம். நிமோனியா, ஃப்ளூ, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகளை முடிந்தவரை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். இது உங்கள் தங்கைக்கு ஏற்றதா என்று அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விலை ஒன்றுதான் தடை என்றால் இதைப் பற்றிக் கேளுங்கள் என்கிறேன்.

இன்னொன்றையும் அவசியம் கேளுங்கள். கண் நரம்பும் தண்டுவடமும் பாதிக்கப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியூரோமைலைடிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயும் இதே இடங்களைத்தான் தாக்கும். ஆசியர்களிடம் அந்த நோயின் விகிதம் ஐரோப்பாவைவிடக் கூடுதல். அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கும், 2004இல் கண்டுபிடிக்கப்பட்ட எதிர்ப்புப்பொருளுக்கான பரிசோதனை அதைப் பிரித்துக் காட்டுகிறது. மாக் (MOG) என்ற புரதத்தைத் தாக்கும் இன்னொரு எதிர்ப்புப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எம்.எஸ்.க்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட் போன்றவை அந்த நோயை மோசமாக்கக்கூடும். ஆயுட்கணக்கும் முற்றிலும் வேறு. ஸ்கேன் படம் எம்.எஸ்.க்கே உரிய மாதிரி தெளிவாக இருந்தால் சில மருத்துவர்கள் இந்தப் பரிசோதனை தேவையில்லை என்பார்கள், அதுவும் சரியே. ஏன் தேவையில்லை என்று ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நோயின் வகையும் ஆயுளை மாற்றும். நோர்வேயில் விட்டுவிட்டு வரும் வகையில் தொடங்கியவர்களின் இடைநிலை ஆயுள் 77.8, தொடக்கத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் வகையில் 71.4. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்கு முதல் வகைதான். ஒருமுறை வந்து தெளிந்து, மறுபடி வேறிடத்தில் வந்திருக்கிறது என்பதால் தங்கைக்கும் அதுவாகத்தான் தோன்றுகிறது.

மருந்து அல்லாதவற்றில் ஆயுளோடு உறுதியாகத் தொடர்புடையவை பழைய கதைகள்தான்: புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம். புகைப்பவர்களுக்கு எம்.எஸ். வேகமாக முற்றுகிறது, ஆயுளும் குறைகிறது. தங்கை புகைக்காமல் இருக்கலாம். வீட்டில் யாராவது புகைத்தால் அவர்களை நிறுத்தச் சொல்லுங்கள். மனிடோபா ஆய்வில் சர்க்கரை, இதய நோய், நுரையீரல் நோய் மட்டுமல்ல, மனச்சோர்வும் இறப்போடு சேர்ந்து வந்தது. எம்.எஸ். உள்ளவர்களில் மனச்சோர்வு மிகச் சாதாரணம். நோயே மூளையில் இருப்பதாலும் வருகிறது, வாழ்க்கை திடீரென்று திசைமாறியதாலும் வருகிறது. தற்கொலை அபாயமும் மற்றவர்களைவிட அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. தூக்கம் கெடுவது, யாரோடும் பேசாமல் இருப்பது, ‘நான் பாரம்’ என்று சொல்வது தெரிந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவியின் இலவச எண் 14416இல் தமிழிலும் பேசலாம். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

சித்திரை வெயிலில் தங்கைக்குக் கண் மங்கலாம், கால் கனக்கலாம். சூடான தண்ணீரில் குளித்தாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படியே. உடல் குளிர்ந்ததும் சரியாகிவிட்டால் அது ரிலாப்ஸ் இல்லை; பழைய புண்கள் சூட்டில் தற்காலிகமாகத் தலைகாட்டுகின்றன. இதைத் தெரியாமல் ஒவ்வொரு முறையும் பக்கத்து நர்சிங் ஹோமில் ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டு எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறி வருபவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு ஒரு ரிலாப்ஸைச் சீக்கிரம் தணிக்கும், நீண்டகாலப் போக்கை மாற்றாது. புதிய அறிகுறி ஒரு நாளுக்கு மேல் விடாமல் இருந்தால், பின்னால் தொற்று மறைந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, அப்புறம்தான் ஸ்டீராய்டு பற்றிய பேச்சு.

சந்தேகத்துக்கு உரியவை பக்கம் வருவோம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் சரிசெய்யுங்கள். அது ஆயுளைக் கூட்டும் என்று சொல்ல முடியாது. எம்.எஸ்.ஸுக்கென்று ஒரு உணவுமுறை நோயை நிறுத்தியதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று சில லட்சம் வாங்கும் தனியார் கடைகள் பக்கம் போகாதீர்கள். எலும்பு மஜ்ஜை அணுக்களை எடுத்து, எதிர்ப்பு சக்தியை அழித்துத் திரும்பச் செலுத்தும் முறையான சிகிச்சை ஒன்று உண்டு. அது தீவிர நோய் உள்ள, கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்குப் பெரிய மையங்களில் செய்வது. இரண்டும் ஒன்றல்ல. எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு வேறு வைத்தியத்துக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது இழந்த நடை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை, அதனால்தான் கெஞ்சிச் சொல்கிறேன்.

என் பதிலின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் கொடுத்த ஆயுட்கணக்குகள் எல்லாம் நோர்வே, டென்மார்க், கனடாவிலிருந்து வந்தவை. அங்கே பிறப்பிலிருந்து இறப்புவரை பதிவு இருக்கிறது, சிகிச்சைக்குக் கைக்காசு பெரிதாகத் தேவையில்லை. இந்தியாவில் அப்படி அறுபது வருடப் பதிவேடு இல்லை. பல மையங்கள் சேர்ந்து பதிவு செய்யும் முயற்சிகளே அண்மையில் வந்தவை. ஆகவே 74.7ஐ எடுத்து நம் ஊருக்கு ஒட்ட முடியாது. இங்கே நோய் கண்டறியத் தாமதம், மருந்து விட்டுப்போவது, தொற்று அதிகம் என்பவை பாதகம். தாங்கிப் பிடிக்கக் குடும்பம் பக்கத்தில் இருப்பது சாதகம்.

கல்யாணம் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். எம்.எஸ். திருமணத்துக்கோ குழந்தைக்கோ தடையில்லை. கர்ப்ப காலத்தின் கடைசி மூன்று மாதத்தில் ரிலாப்ஸ் குறைகிறது, பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில் கொஞ்சம் கூடுகிறது. 1998இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. குழந்தை பெறுவதால் ஆயுள் குறைவதில்லை. பிள்ளைக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவில்தான். டெரிஃபுளூனமைட், ஃபிங்கோலிமாட் போன்ற மருந்துகளைக் கர்ப்பத்தின்போது எடுக்கக்கூடாது என்பதால், திட்டமிடும் எண்ணம் இருந்தால் மருந்து தேர்ந்தெடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நோயை மறைத்துக் கல்யாணம் செய்யாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்தேற்றப் போகிறவரால் அதை மறைத்து வைக்க முடியாது, மறைக்கப் பார்த்தால் மருந்துதான் நிற்கும்.

அப்பா அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்: இது உயிரைச் சீக்கிரம் எடுக்கும் நோய் இல்லை, வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டிய நோய், இன்றே மருந்து தொடங்குவதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய காரியம். அதற்கு மேல் எண் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டிருக்கிறது. பின்னால் நடையிலோ கண்ணிலோ குறை தங்கிவிட்டால் அதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், அந்த நிலை இப்போது இல்லை. தண்டுவடத்தில் எத்தனை புண்கள், மூளைத்தண்டில் ஏதாவது உண்டா, அக்வாபோரின் பரிசோதனை முடிவு என்ன, எந்த மருந்தை எப்போது தொடங்குகிறார்கள், இந்த நான்கையும் அடுத்த சந்திப்பில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். படத்தைப் பார்க்காமல் தங்கையின் போக்கைப் பற்றி நான் இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது. அந்த விவரங்கள் கிடைத்தால், மேலே எழுதியதில் எது அவருக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துச் சொல்ல முடியும்.